லடாக்கிலிருந்து வந்த புளிப்பு

என் அக்கா செண்பகம் சாப்பாட்டைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள் என்று டெல்லியிலிருந்து அத்தான் போன் செய்தார். கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேறு வீடுகளில் இதை நல்ல செய்தி என்று கொண்டாடியிருப்பார்கள். எங்கள் அக்காவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் விபரீதம் புரியும். திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி தொடங்குமுன் சமையல்காரர் தேடுவது மாப்பிள்ளை வீட்டாரை அல்ல, செண்பகத்தை. அவள் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “வெந்தயம் தீஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். தலைமைச் சமையல்காரர் வியர்த்துப்போய் நிற்பார். கல்யாணமாகி டெல்லிக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த நாக்கு மழுங்கவே இல்லை. அத்தான் மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவர். மேலதிகாரிகளின் ஏச்செல்லாம், தான் வைக்கிற குழம்பைப் பற்றி அக்கா சொல்வதற்கு முன்னால் தாலாட்டு என்பார்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது ருசியையும் வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரிந்து வீடெல்லாம் தீய்ந்த நாற்றம் அடித்தபோது அக்கா அதற்கு முதுகைக் காட்டி நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். சோதனைகளெல்லாம் செய்து பார்த்த டாக்டர், இப்படி ஆவதுண்டு, தானாக மெல்லத் திரும்பும், ருசி முன்னால் வரும், வாசனை பின்னால் வரும் என்றார். ஆனால் அதுவரை அவள் சாப்பிட்டாக வேண்டும். எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

“நான் வைக்கித சாம்பார ஒரு வாய் குடிச்சிட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருதா, வடிவு. எனக்குப் பயமாருக்கு” என்றார் அத்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன், நம்பாமல் சும்மாவும் இருக்க மாட்டேன். பெட்டியில் புடவையைவிடப் புளிப்புச் சாமான்தான் அதிகம் போனது. பழம்புளி, மாவற்றல், நானே போட்ட நார்த்தங்காய் ஊறுகாய். ரயில் நாகபுரி தாண்டுகையில் ஊறுகாய் ஜாடி கசிந்து, எதிர் சீட்டுப் பஞ்சாபிக்காரரின் வெள்ளை ஷூவில் எண்ணெய் இறங்கிவிட்டது. நான் ஹிந்தியில் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, “அம்மாஜி, இவ்வளவு மணக்கிற சாமானை ஷூவுக்கு மட்டும் கொடுத்தால் எப்படி?” என்று தன் பராத்தாவை நீட்டினார். டெல்லி வரை அவருக்கு நான்தான் ஊறுகாய் சப்ளை.

நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கியபோது ஊரே சாம்பல் நிறமாக இருந்தது. ஊர் முழுக்க விறகடுப்பு மூட்டிவிட்டு உலை வைக்க மறந்துபோனது போல ஒரு புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக அத்தான் வந்தார். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுப்பார், காப்பி வரும் என்று நினைத்தேன். ஒரு பாட்டிலை எடுத்தார். உள்ளே காவி உடுத்தியவர்களின் வேட்டி நிறத்தில் ஒரு திரவம்.

“காப்பி இல்லியா அத்தான்?”

“காப்பி எதுக்கு? இதக் குடி. சீபக்தார்ன். லடாக் பழம்.”

குடித்தேன். முதலில் சர்க்கரை, அதன் பின்னால் ஒரு புளிப்பு, அதற்கும் பின்னால் எண்ணெய் போல ஏதோ ஒன்று நாக்கில் ஒட்டியது. மோசமில்லை. காப்பி இல்லாத குறைதான் பெரிதாகத் தெரிந்தது.

ஆட்டோவில் ஏறியதிலிருந்து மயூர் விஹாரில் வீடு வரும்வரை பிரசங்கம். “மரம் மட்டை இல்லாத குளிர் பாலைவனம். அங்க ஆத்தோரமா இந்த முள்ளுச்செடி மட்டும் நிக்கும். சுண்டக்கா அளவுதான் பழம். ஆனா ஆரஞ்சுல இருக்கதப் போலப் பல மடங்கு வைட்டமின் சி. அப்புறம் வைட்டமின் ஈ. அந்தக் கலரு இருக்குல்லா, அதெல்லாம் கரோட்டின், கண்ணுக்கு நல்லது. ஒமேகா மூணு, ஆறு, ஏழு, ஒம்பது.”

“நாலும் அஞ்சும் எங்க போச்சு?”

“நீ வாத்தியாரம்மா. ஒனக்கு எல்லாத்துக்கும் கேள்வி.”

ஆட்டோக்காரர் எங்கள் தமிழுக்குள் கிடந்த ஒமேகாவைப் பிடித்துக்கொண்டு, ஹிந்தியில் அத்தானிடம் விவரம் கேட்டார். அத்தான் ஒன்றுவிடாமல் விளக்கினார். சிக்னலில் வண்டி நின்றதும் ஆட்டோக்காரர் தன் குல்லாயைக் கழற்றி வழுக்கையைக் காட்டி, “இதற்கும் கேட்குமா சாப்?” என்றார். அத்தான் ஒரு கணம் யோசித்துவிட்டு, முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். பச்சை விளக்கு விழுந்ததால் ஆட்டோக்காரர் தப்பினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அத்தானே அந்தப் பழத்தை ஒரு சொட்டும் குடிக்க முடியாது. அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இந்தப் பழமும் ரத்தம் உறைவதைத் தாமதமாக்கலாம், இரண்டும் சேர்ந்தால் வம்பு, தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தான் குடிக்காத குறையை ஊருக்கெல்லாம் ஊட்டித் தீர்த்துக்கொள்கிறார் மனிதர்.

வீட்டுக் கதவை அக்காதான் திறந்தாள். ஸ்வெட்டருக்குள் அவள் இருக்கிறாளா என்று தேட வேண்டியிருந்தது. கை வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கின. “வந்துட்டியா ஏளா” என்று சிரித்தபோது பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. நான் உடனே ஊறுகாய் ஜாடியைத் திறந்து ஒரு துண்டை நீட்டினேன். வாயில் போட்டு மென்றாள்.

“நல்லாருக்கு.”

அந்த நார்த்தங்காயில் உப்பு ஏறிப்போய்விட்டது என்று எனக்கே தெரியும். பழைய செண்பகமாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் என்னைப் பேச்சுக்கு இழுத்திருப்பாள்.

மத்தியானம் அவளை உட்கார வைத்து என் பள்ளிக்கூட புத்தியைக் காட்டினேன். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தேன். சர்க்கரை: “ஒண்ணுமில்ல.” உப்பு: “இருக்கு. தூரத்துல யாரோ கூப்பிடுத மாதிரி.” காப்பி டிகாஷன்: “சுடுதண்ணி.” எலுமிச்சம்பழம் வைத்ததும் புருவம் லேசாகச் சுருங்கியது. “நாக்கு ஓரத்துல சுருக்குன்னு ஒண்ணு. வந்துச்சு, போயிட்டு.”

ஆக, புளிப்பு என்கிற கதவு மட்டும் ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் பழம்புளியைக் கரைத்து ரசம் வைத்தேன். அக்கா அரைத் தம்ளர் குடித்துவிட்டு, நல்லாருக்கு என்று சொல்லிப் போய்விட்டாள். புளியின் புளிப்பு அந்தக் கதவைத் தட்டக்கூட இல்லை.

மறுநாள் காலையில் நான் எதிர்ப் பூங்காவில் நடந்துவிட்டு வந்தேன். மாடிப்படியிலேயே நல்லெண்ணெய் வாசனை, வறுத்த வெந்தய வாசனை, அவற்றோடு பாகு காய்ச்சுகிற வாசனை. உள்ளே போனால் அத்தான் கரண்டியும் கையுமாக நிற்கிறார். குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கியிருந்த லடாக் பாட்டில்கள் எல்லாம் காலியாகிக் கழுவும் தொட்டியில் கிடக்கின்றன. உருளியில் ஆரஞ்சு நிறத்தில் எரிமலைக் குழம்பு.

“என்ன அத்தான் இது?”

“புளிக்காய்ச்சல்! நீதான சொன்னே, அவளுக்குப் புளிப்புதான் தெரியுதுன்னு. இந்தப் பழம் புளியவிடப் புளிப்பு. சத்தும் இருக்கு. புளிக்குப் பதிலா இத ஊத்திக் காய்ச்சினா ஒரு மாசத்துக்கு வச்சுச் சோத்துல பிசைஞ்சு குடுக்கலாம்லா?”

உலகத்தில் எந்த ஊர்க்காரனும் விலையுயர்ந்த பழச்சாறைப் பார்த்து இப்படி யோசிக்க மாட்டான். குளிரக் குளிரக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குடிப்பான். திருநெல்வேலிக்காரன் ஒருத்தன்தான் புளிப்பாக எதைக் கண்டாலும் அதைக் கொதிக்க வைத்து, பெருங்காயம் போட்டு, சோற்றில் பிசையத் துடிப்பான்.

“எவ்ளோ நேரமாக் கொதிக்குது?”

“ஒரு மணி நேரமிருக்கும்.”

“அத்தான், கொதிச்சா வைட்டமின் சி போயிருமே!”

“எங்க போவும்? மூடி போட்டுத்தான வச்சிருந்தேன்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் எந்த மாணவியும் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை.

சூட்டில் வைட்டமின் சி சிதைந்து போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விபத்து வேறு. அக்கா மகள் மீனா எழுந்து வந்து, காலி பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தாள். டெல்லியிலேயே பிறந்து, நொய்டாவில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. “அப்பா, இதுல ஃபர்ஸ்ட் தண்ணி, செகண்ட் சுகர். பழம் தேர்ட்தான். நீங்க ஜாம் பண்ணியிருக்கீங்க.”

ஜாம்தான். கடலைப்பருப்பும் வரமிளகாயும் பெருங்காயமும் மிதக்கிற ஜாம். நான் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குள் அத்தான் சுடுசோற்றில் அதைப் பிசைந்து அக்காவிடம் நீட்டிவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு எதிர்பார்ப்பு. அக்கா ஒரு கவளம் வாங்கி மெதுவாக மென்று விழுங்கினாள்.

“நல்லாருக்கு” என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வீட்டில் அதைவிடப் பயங்கரமான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அத்தான் உருளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் வெகுநேரம் நின்றார்.

அன்று முழுக்க நானும் மீனாவும் அந்தப் பழத்தைப் பற்றிப் படித்தோம். அத்தான் சொன்னதில் பொய்யில்லை, கொஞ்சம் பூச்சு அதிகம், அவ்வளவுதான். வைட்டமின் சி நிறையவே இருக்கிறது. ஈ-யும் கரோட்டினும் இருக்கின்றன. அந்த ஒமேகா ஏழு என்பது பழங்களில் அபூர்வமாகக் கிடைக்கிற ஒரு கொழுப்பு. பெரும்பாலும் சதையில்தான் இருக்கிறது, அதனால்தான் சாறில் எண்ணெய் மிதக்கிறது. உலர்ந்த கண்ணுக்கும் தோலுக்கும் அது உதவலாம் என்று சின்ன அளவில் சோதித்திருக்கிறார்கள். கொலஸ்ட்ரால், சர்க்கரை வியாதி என்று வரும்போது சிலர் ஆமாம் என்கிறார்கள், சிலர் இன்னும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வயிற்றுப்புண் இருந்தால் இந்தப் புளிப்பு ஆகாது. ஆபரேஷனுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். போன ருசியை இது திருப்பிக் கொண்டுவரும் என்று மட்டும் யாரும், எங்கேயும் சொல்லவில்லை.

“அப்ப எதுக்கு சித்தி இன்னொரு பாட்டில் தேடணும்?” என்றாள் மீனா.

“மருந்தாத் தேடல. புளிப்பாத் தேடுதேன். சர்க்கரை போடாததுன்னா நெஜமான புளிப்பு தெரியும்லா?” என்றேன்.

மூன்றாம் நாள் அவள் லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். மெட்ரோவில் நான் எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயந்து தயங்கியபோது பின்னால் வந்த ஒரு பெண், “ஆன்ட்டி, ஜல்தி!” என்று என் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டாள். எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஒருத்தி இடுப்பில் கை வைத்தால் பெரிய ரகளையாகும். இங்கே அவள் மேலே வந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டாள். இந்த ஊரின் அன்பு இப்படித்தான், தள்ளிவிட்டுப் போய்விடும்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் அத்தனையும் கிடைக்கிறது. முருங்கைக்காய், வாழைப்பூ, அப்பளம், கறிவேப்பிலை. பெருங்காயமும் மிளகும் வாங்கிவிட்டு, சர்க்கரை போடாத சீபக்தார்ன் இருக்கிறதா என்று கேட்டேன். பாலக்காட்டுக் கடைக்காரர் தமிழிலேயே பதில் சொன்னார். “எதுக்கு சேச்சி? நல்ல குடம்புளி இருக்கு, கொண்டு போங்கோ.” எனக்கே ஒரு நிமிஷம் சபலம் தட்டியது.

எதிரே கைவினைப் பொருள் சந்தையில் லடாக்கியர்கள் கடை போடுவார்கள் என்று மீனா கேள்விப்பட்டிருந்தாள். உள்ளே ஒரு மூலையில், உலர்ந்த ஆப்ரிகாட்டுக்கும் கம்பளிச் சால்வைகளுக்கும் நடுவில், ஆங்மோ என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதிருக்கும். சிவந்த கன்னம், காதில் பச்சைக் கல். லடாக்கில் குளிர் இறுகும் மாதங்களில் டெல்லிக்கு வந்து கடை போடுகிறவள். எங்களுக்கு டெல்லி குளிர் நடுக்கியது. அவளோ கையில்லாத அங்கியில் விசிறிக்கொண்டிருந்தாள்.

அவள் மேஜையிலும் அதே சர்க்கரைப் பாட்டில்கள்தான். சர்க்கரை இல்லாதது வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சர்க்கரை இல்லாமல் டெல்லிக்காரர்கள் குடிக்க மாட்டார்கள். துப்பிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.”

“குடிக்க இல்லை. ரசம் வைக்க.”

ரசம் என்றால் என்ன என்று மீனா ஹிந்தியில் விளக்கினாள். மிளகு, சீரகம், பூண்டு, பருப்புத் தண்ணீர். ஆங்மோ பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு லடாக்கியில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்து யாருக்கு என்று கேட்டாள். என் அக்காவுக்கு ருசி தெரியவில்லை, சாப்பிடுவதில்லை, இன்னும் இளைத்தால் மூக்கில் குழாய் போட்டுவிடுவார்கள் என்றேன். என் ஹிந்தி வழியில் பல இடத்தில் உடைந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஐஸ் பெட்டியை இழுத்தாள். தனக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கூழ். உறைந்து செங்கல் போல இருந்தது. “இது விற்கிற சரக்கில்லை. காலையில் ஒரு கரண்டி வெந்நீரில் போட்டு நான் குடிப்பது” என்று பாதியை உடைத்துப் பையில் போட்டாள்.

குடித்தால் என்ன நன்மை என்று கேட்டேன். ஆங்மோ தோளைக் குலுக்கினாள். “இங்கே வருகிறவர்கள் சுகர் போகுமா, கொழுப்பு கரையுமா, மகளுக்கு நிறம் வருமா என்று கேட்கிறார்கள். என் மாமியார் சாகிற வரைக்கும் குடித்தாள். சாகிற வரைக்கும் முழங்கால் வலி என்று என்னைத் திட்டினாள்.” பிறகு தன் கையைத் திருப்பிக் காட்டினாள். முள் கீறிய தழும்புகள் விரல் முழுக்க. விடிகாலைக் குளிரில் பழம் இறுகியிருக்கும்போது கிளையைத் தடியால் அடித்துத் துணியில் உதிர்ப்பார்களாம். அப்படியும் முள் விடாது. “ரசம் எப்படி இருந்தது என்று வந்து சொல்ல வேண்டும்” என்ற நிபந்தனையோடு அனுப்பினாள்.

திரும்பும்போது மெட்ரோ சோதனையில் மாட்டிக்கொண்டோம். கூழ் உருகி, பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் எந்திரத்தின் மேலெல்லாம் சொட்டியது. பெண் காவலர் முறைத்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மீனா பதறிக்கொண்டு விளக்கினாள். காவலர் ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டுச் சற்றே முகம் மலர்ந்து, “ஓ, இதுவா! என் நாத்தனார் முகத்துக்குப் பூசுகிறாள். நீங்களும் பூசத்தானே?” என்றார். விளக்கினால் வண்டி போய்விடும் என்று ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் பரிவோடு விட்டுவிட்டார்.

நாலாம் நாள் அடுப்படியில் யுத்தம். அத்தான், புளி போலப் பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும் என்றார். கொதிக்கவே கூடாது என்றேன் நான். கடைசியில் எலுமிச்சை ரசத்தை நினைவுபடுத்தினேன். ரசம் நுரைத்து வந்ததும் இறக்கி, சூடு சற்று அடங்கியபின் சாறைப் பிழிவதுதானே வழக்கம்? அப்படியே செய்தோம். பருப்புத் தண்ணீர், தட்டிய மிளகு சீரகம், பூண்டு, மீனா கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை. இறக்கி வைத்து, கூழைக் கரைத்து ஊற்றியதும் நெய் விட்டதுபோல ஆரஞ்சு வட்டங்கள் மேலே மிதந்தன. வைட்டமின் சி கொஞ்சம் போகும், கொஞ்சம் தங்கும். கரோட்டினும் அந்த எண்ணெயும் பெரும்பாலும் தங்கிவிடும் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “வச்சிட்டுப் போ ஏளா, குடிக்கேன்.”

“எந்திரி அக்கா. என் முன்னால குடி.”

தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தாள். அத்தான் வாசற்படியில் நின்றார். அக்கா வாயை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். முகம் கோணியது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. தோள் ஒரு தடவை உதறியது. மறுபடி ஒரு வாய் குடித்தாள்.

“என்னளா இது? ரசமா, பல்லக் கூசுத தண்ணியா?” என்றாள். “உப்பு எங்க? இவ்ளோ புளிப்புக்கு இந்த உப்பு எந்த மூலைக்கு? ரசம்னா சோறு வேண்டாமா? வெறும் தண்ணியக் கையில குடுத்துட்டு ரெண்டு பேரும் வேடிக்க பாக்கியோ?”

சோறு என்று கேட்டாள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அத்தான் உப்பு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவர் வரவே இல்லை. போய்ப் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் மஃப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். உப்பு ஜாடி அவர் கையிலேயே இருந்தது. மீனா சோறு போட்டுக் குழைத்துக் கொடுத்தாள். தட்டில் வைத்தது தீர்ந்தது. சோறு குழைந்துவிட்டது என்று அக்கா அதற்கும் குறை சொன்னாள்.

வாசனை வரவில்லை. சர்க்கரையும் காப்பியும் அவளுக்கு இன்னும் வெந்நீர்தான். ஆனால் அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அந்த ரசத்தில் சோறு இறங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் குற்றம் கண்டுபிடித்தாள்.

நான் ஊர் திரும்புவதற்கு முன்னால் எல்லோருமாக ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போனோம். அத்தான் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார் போல. அக்கா படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். முருகன் சந்நிதியில் நின்று அவள் என்ன கேட்டாளோ தெரியாது. இறங்கி வந்ததும், “அந்த லடாக்காரியப் பாக்கணும்” என்றாள்.

பிளாஸ்க்கில் ரசத்தோடு ஆங்மோவின் கடைக்குப் போய் நின்றோம். அவள் மூடியில் ஊற்றி உறிஞ்சினாள். கண்ணை விரித்தாள். “நம் மோமோ சூப்பில் இதை ஏன் நாம் விடவில்லை?” என்று பக்கத்துக் கடைக்காரியைக் கேட்டாள். அக்கா பொறுமையாகக் காத்திருந்து, தன் டெல்லி ஹிந்தியில் ஆரம்பித்தாள். “பழம் நல்லதுதான் பெஹன்ஜி. ஆனால் உங்கள் கூழில் விதைத் தோல் தட்டுப்படுகிறது. இன்னும் ஒரு தடவை வடிகட்ட வேண்டும்.”

ஆங்மோ என்னைப் பார்த்தாள். “சாப்பிடவே முடியாத அக்கா இவர்தானா?”

“இவளேதான்” என்றேன்.

அவள் எழுந்து வந்து அக்காவின் இளைத்த கையைத் தன் தழும்புக் கைகளுக்குள் வைத்து அழுத்தினாள். மிச்சமிருந்த கூழையும் கொடுத்துவிட்டாள். காசு எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

பழம்தான் அக்காவைத் தேற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். மெல்லத் திரும்பும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், திரும்புகிற நேரத்தில் பழம் வந்து சேர்ந்திருக்கலாம். ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு தடவை நடந்ததைச் சோதனை என்று எந்த மாணவி எழுதியிருந்தாலும் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன். இத்தனையும் தெரிந்துதான் என் பெட்டியிலும் அந்தக் கூழில் ஒரு சின்ன பாட்டில் நிரப்பி வைத்துக்கொண்டேன். சர்க்கரை போடாதது.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து அத்தான் போன் செய்தார்.

“இன்னைக்கு நான்தான் சாம்பார் வச்சேன், வடிவு.”

“சரி.”

“ஒரு வாய் வச்சா. தட்டத் தள்ளிட்டா. இந்தக் கைய வச்சுக்கிட்டு ஆபீஸ்ல எப்படித்தான் ப்ரமோஷன் வாங்குனீங்களோன்னு கேட்டா.” வேலை கிடைத்த செய்தியைச் சொல்கிறவர் குரல் மாதிரி இருந்தது அவர் குரல். “எடையும் ஏறியிருக்கு. கொழாயெல்லாம் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தூரத்தில், உள் அறையிலிருந்து, அக்காவின் குரல் கேட்டது.

“யார்ட்டப் பெருமையடிச்சிட்டு இருக்கீக? அடுப்புல என்னமோ கரியுது பாருங்க! மூக்கு என்ன செத்தா போச்சு ஒங்களுக்கு?”

“வடிவு” என்றார் அத்தான். “அவ படுக்கை ரூம்ல இருக்கா.”

பிறகு போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். பாத்திரம் உருளும் சத்தமும், அக்கா வைகிற சத்தமும், அத்தான் சிரிக்கிற சத்தமும் மாறி மாறி வந்தன. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.